செசான் படத்துக்குக் கீழே ஒரு எழுத்து மேசை

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பிக்காசோ வரைந்த உருவப்படம் ஒன்று இருக்கிறது. பழுப்பு உடையில் கனத்த உடம்போடு ஒரு பெண் முன்பக்கம் சாய்ந்து, யாரோ பேசுவதை விடாமல் கேட்பவர்போல உட்கார்ந்திருக்கிறார். உடம்பும் கையும் ஒரு தினுசு. முகம் மட்டும் வேறு தினுசு. மரத்தில் செதுக்கி வைத்த முகமூடி மாதிரி இறுகிப்போயிருக்கும். இரண்டு கண்ணும் ஒரே அளவில்கூட இல்லை.

1905இல் தொடங்கிய படம் இது. பிக்காசோ முன்னால் 80, 90 தடவை உட்கார்ந்ததாக அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். (கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார். அவர் சுபாவம் அப்படி.) 1906 வசந்தத்தில் ஒருநாள் பிக்காசோ, உங்களைப் பார்க்கப் பார்க்க நீங்கள் கண்ணில் படவே மாட்டேன் என்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டு, வரைந்த தலையை அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் ஆளை எதிரே உட்கார வைக்காமலே முகத்தைப் போட்டு முடித்தார். ஸ்பெயினின் பழங்கால ஐபீரியச் சிற்பங்களைப் பார்த்த பாதிப்பு அந்த முகத்தில் இருக்கிறது என்பார்கள். அந்த அம்மா இந்தப் படம் மாதிரி இல்லையே என்று கேட்டவர்களுக்கு, 'ஆகிவிடுவார்' என்றாராம் பிக்காசோ.

அந்தப் பெண்தான் அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன். வேலூரில் நாங்கள் நடத்தும் வாசகர் கூட்டத்தில் நவீனத்துவம் என்று பேச்செடுத்தாலே இவர் பெயர் வந்துவிடும். அடுத்த நிமிடமே ஆட்சேபமும் வரும். குடியாத்தத்திலிருந்து வரும் தம்பி ஒருவர் போட்டு உடைத்தார்: "இன்னா சார், ஒரே வரியத் திருப்பித் திருப்பி எழுதிக்கினு கீறாங்க. இதுக்கும் ஓவியத்துக்கும் இன்னா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. 'கியூபிச எழுத்தாளர்' (கியூபிசம் என்பது ஒரு ஓவியப் பாணி, அதைப் பின்னால் பார்ப்போம்) என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிற புத்தகங்களால் வந்த குழப்பம் அது. அந்தப் பட்டம் பாதிதான் சரி என்பது என் கட்சி.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1874இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கல்லூரியில் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸிடம் உளவியல் படித்தார். மனிதர் கவனம் எப்படி ஓடுகிறது, பழக்கத்தில் கை தானாக எப்படி எழுதுகிறது என்று சோதனைகள் செய்து, சக மாணவர் ஒருவரோடு சேர்ந்து 1896இல் கட்டுரையும் வெளியிட்டார். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம். வேலூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல்: ஏறக்குறைய அதே வருடங்களில்தான் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடரும் அமெரிக்காவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அவர் 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் இங்கே வந்து ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஸ்டைனோ கடைசி வருடத்தில் சில பாடங்களில் கோட்டை விட்டு, பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். இலக்கியத்துக்கு அது லாபம். அவரிடம் மாட்டியிருக்கக்கூடிய நோயாளிகளுக்கும் லாபம்தான்.

1903இல் பாரிஸ், ஃப்ளோருஸ் தெரு, 27ஆம் எண் வீடு. அண்ணன் லியோ ஏற்கனவே அங்கே இருந்தார். குடும்பச் சொத்திலிருந்து மாதாமாதம் வரும் பணம் பெரிய தொகை கிடையாது. ஆனால் அன்றைக்கு யாரும் சீண்டாத ஓவியங்களை வாங்க அது போதும். 1905இல் மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த, தொப்பி போட்ட பெண்ணின் படத்தைக் கண்காட்சியில் பார்த்துச் சனம் சிரித்தது. முகத்தில் பச்சை, மூக்கில் மஞ்சள் என்று நிறம் அலைந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்! ஸ்டைன் குடும்பம் அதை 500 ஃபிராங்குக்கு வாங்கியது. அதே வருடம் பிக்காசோவின் படங்களும் வீட்டுக்குள் வந்தன. சனிக்கிழமை இரவானால் ஓவியர்கள், கவிஞர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வீடு நிறைந்துவிடும். சுவரில் கூரைவரை படங்கள். மத்தீஸும் பிக்காசோவும் அறிமுகமானது இந்த வட்டத்தில்தான்.

இந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விருந்தையும் வம்பையும் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு படமும் அதன் கீழே இருந்த மேசையும்தான்.

1904இல் வொல்லார் என்ற வியாபாரியிடம் அண்ணனும் தங்கையும் வாங்கிய படம் அது. செசான் என்ற பிரெஞ்சு ஓவியர் தன் மனைவியை வரைந்தது: சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து கையில் விசிறி வைத்திருக்கும் பெண். இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் தன் முதல் கதைப் புத்தகத்தை எழுதியதாக ஸ்டைன் சொல்கிறார். அப்படி என்ன இருக்கிறது அதில்?

எங்கள் கூட்டத்துக்கு ராணிப்பேட்டையிலிருந்து ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் ஒருவர் வருவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்போம் என்று அவர் விளக்கியது இதற்குப் பொருந்தும். முதலில் நடுவில் உருவம். அதில் முகம், முகத்தில் கண். அதெல்லாம் ஒழுங்காக வந்த பிறகு, நேரம் இருந்தால் பின்னால் பேக்ரவுண்ட் பூசு. அதாவது படத்தில் ஒரு ராஜா உண்டு, மற்றதெல்லாம் சேவகம். செசான் இந்த வரிசையை மதிக்கவில்லை. அவர் படத்தில் முகத்துக்குக் கிடைத்த அதே கவனம் நாற்காலியின் கைக்கும் கிடைக்கிறது, சுவர்க் காகிதத்தின் பூவுக்கும் கிடைக்கிறது. ஒவ்வொரு தூரிகைத் தீற்றலும் பக்கத்துத் தீற்றலோடு பேசிக்கொண்டே போகிறது. எந்த மூலையைத் துணியால் மூடினாலும் படம் நொண்டும். "சார், இதுல பேக்ரவுண்டே இல்ல, எல்லாமே ஃபோர்க்ரவுண்டுதான்" என்றார் மாஸ்டர். கலை வரலாற்று நூல்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஒரு படைப்பில் ஒரு பகுதி எவ்வளவு முக்கியமோ மற்றப் பகுதியும் அவ்வளவே முக்கியம் என்ற எண்ணத்தைச் செசானிடம் எடுத்துக்கொண்டதாக ஸ்டைன் கடைசிக் காலத்தில்கூடச் சொன்னார். இப்போது இதைக் கதைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கதைக்கு உச்சக்கட்டம் என்ற ராஜா உண்டு. அதற்கு முன்னால் வருவதெல்லாம் அவரை அழைத்துவரும் பரிவாரம். வாக்கியத்திலும் அப்படித்தான், பெயரும் வினையும் கனவான்கள், மற்றவை ஒட்டுச் சொற்கள். இந்த வரிசையைக் கலைத்தால்? 1909இல் வந்த 'மூன்று வாழ்க்கைகள்' தொகுப்பில் மூன்று உழைக்கும் பெண்கள். இருவர் ஜெர்மனியிலிருந்து வந்த வேலைக்காரிகள், ஒருவர் கறுப்பினப் பெண். அவர்களுக்குப் பெரிய சம்பவம் எதுவும் நடப்பதில்லை. மரணம்கூட இரண்டு வரியில் வந்து போய்விடும். பதிலாக அவர்கள் பேசும் விதம், ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வரும் விதம், அதுதான் பக்கம் பக்கமாக வளர்கிறது. புத்தகம் கைக்காசில்தான் வந்தது. அச்சிட்ட கம்பெனி, இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாதோ என்று சந்தேகப்பட்டு வீட்டுக்கே ஆளனுப்பி விசாரித்ததாம். இதுவும் அவரே சொன்ன கதை.

இனி குடியாத்தம் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்: ஏன் திருப்பித் திருப்பி?

நம் வடஆற்காட்டுக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். செய்யாறு பக்கம் புரிசை போன்ற ஊர்களில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். உள்ளே துரியோதனன். முகவீணை இழுக்கிறது. 'வந்தானே' என்று ஒரு அடி. பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கி அப்படியே பாடுகிறார்கள். மறுபடி 'வந்தானே'. இந்தத் தடவை ஒரு அடைமொழி கூடியிருக்கிறது. மறுபடி. இப்போது தாளம் மாறிவிட்டது, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. ஆள் வந்துவிட்டார் என்ற தகவல் முதல் அடியிலேயே கிடைத்துவிட்டது. அப்புறம் எதற்கு இத்தனை தடவை? வந்த சேதி வேறு, வருவது வேறு. வந்துகொண்டே இருப்பதைக் காட்டத்தான் அந்தப் பாட்டு. ஒவ்வொரு சுற்றிலும் துரியோதனன் இன்னும் கொஞ்சம் துரியோதனனாகிறான்.

ஸ்டைன் செய்ததும் இந்த வேலைதான். 1934–35இல் அமெரிக்காவைச் சுற்றிவந்து உரையாற்றியபோது இதை வெளிப்படையாகவே சொன்னார்: நான் செய்வது திரும்பச் சொல்வதே அல்ல, அழுத்திச் சொல்வது, உயிரோடிருக்கும் எதுவும் ஒரே விஷயத்தை இரண்டு தடவை ஒரே அழுத்தத்தில் சொல்லாது. சினிமாச் சுருளின் சட்டங்களையும் (ஃப்ரேம்களையும்) உதாரணம் காட்டினார். அடுத்தடுத்த இரண்டு சட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் இம்மியளவு மாறியிருக்கும். அந்த இம்மிதான் அசைவு.

கவனிக்க வேண்டியது, இந்தப் பழக்கம் அவருக்குக் கியூபிசத்துக்கு முன்பே வந்துவிட்டது. 900 பக்கத்துக்கு மேல் போகும் 'அமெரிக்கர்கள் உருவாவது' நாவலை 1903இலேயே ஆரம்பித்தார், 1911இல்தான் முடித்தார், அச்சில் வந்தது 1925இல். மனிதர்கள் தங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்கள், அதை உன்னித்துக் கேட்டால் அவர்களின் அடி இயல்பு பிடிபடும் என்ற எண்ணம் உளவியல் சோதனைக்கூடத்து நாட்களிலேயே விழுந்த விதை. ஆகவே பிக்காசோவைப் பார்த்துக் காப்பியடித்தார் என்பது ஆண்டுக் கணக்கிலேயே உதைக்கிறது. பிக்காசோவும் செசானிடமிருந்துதான் கிளம்பினார், ஸ்டைனும் செசானிடமிருந்துதான் கிளம்பினார். ஒருவர் சாயத்தோடு போனார், மற்றவர் சொல்லோடு.

சரி, கியூபிசம் என்றால்தான் என்ன? மேசைமேல் காபி டம்ளர் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் நிமிர்ந்த சுவர், மேலிருந்து எட்டிப் பார்த்தால் வட்டம். வழக்கமான ஓவியர் ஒரு இடத்தில் ஆணியடித்தாற்போல நின்று, அங்கிருந்து தெரிவதை மட்டும் வரைவார். ஆனால் டம்ளரை நாம் அறிந்துகொள்வது அப்படியா? நகர்கிறோம், எடுக்கிறோம், குடிக்கும்போது வாய்க்கு நேராக விளிம்பு வருகிறது. இந்தப் பல பார்வைகளையும் ஒரே தட்டையான பரப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்கினால் கியூபிசத்தின் வாசலுக்கு வந்துவிட்டோம். 1908 வாக்கில் பிராக் என்ற பிரெஞ்சு ஓவியரும் பிக்காசோவும் இதைத் தொடங்கினார்கள். நிறம் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதாலோ என்னவோ சாம்பலும் பழுப்புமாகவே வரைந்தார்கள். 1912இல் செய்தித்தாள் துண்டையும் சுவர்க் காகிதத்தையும் படத்திலேயே ஒட்டினார்கள்.

1909 கோடையில் ஸ்பெயினின் ஓர்த்தா கிராமத்தில் பிக்காசோ வரைந்த வீடுகளின் படங்களில் இரண்டை ஸ்டைன் வாங்கினார். கட்டம் கட்டமாக, மலையில் ஏறி நிற்கும் வீடுகள். இதெல்லாம் கற்பனை என்று யாராவது சொன்னால், அந்தக் கிராமத்தின் போட்டோவை எடுத்துக் காட்டி வாயடைப்பாராம். படம் போட்டோவுக்கு ரொம்பப் பக்கம். 1912இல் பிக்காசோ வரைந்த முட்டை வடிவப் படம் ஒன்றில், கீழே வலது மூலைப் பக்கம் ஸ்டைனின் விசிட்டிங் கார்டையே தீட்டிவைத்திருக்கிறார். அப்படி எழுத்தைக் கண்டுபிடித்துப் படிக்க முடிகிற சில இடங்களைத் தவிர, மற்றதில் எது மேசை, எது அளவுகோல் என்று தேட வேண்டியிருக்கும். அந்தப் படத்தையும் அவரே வாங்கிக்கொண்டார்.

பதில் மரியாதை எழுத்தில் வந்தது. 1912 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய புகைப்படப் பத்திரிகையின் சிறப்பிதழில் ஸ்டைனின் இரண்டு சொற்சித்திரங்கள் வெளியாயின: ஒன்று மத்தீஸ், ஒன்று பிக்காசோ. பெயர் தலைப்போடு சரி. உள்ளே 'ஒருவர்' மட்டும்தான். தாடி, மூக்கு, பிறந்த ஊர், வரைந்த படம் எதுவும் கிடையாது. மத்தீஸ் பகுதியில் உறுதியும் சந்தேகமும் மாறி மாறி வருகின்றன; அவர் போராடுகிறார், போராடுவதை வெளிப்படுத்துகிறார், சிலர் கேட்கிறார்கள், சிலர் கேட்கவில்லை. வாக்கியங்கள் நீண்டு தடுமாறுகின்றன. பிக்காசோ பகுதியில் காற்று மாறிவிடுகிறது. அவர் பின்னால் சிலர் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர் வேலை செய்துகொண்டே இருக்கிறார், அவரிடமிருந்து ஏதோ வெளியே வந்துகொண்டிருக்கிறது. அது கனமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது, முகம் சுளிக்கவும் வைக்கிறது. அடுத்தடுத்துப் படித்தால் ஒருவர்மேல் மரியாதையும் மற்றவர்மேல் மயக்கமும் என்பது ஒரு உவமைகூட இல்லாமல் விளங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் பிக்காசோவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

1914இல் வந்த 'மென்பொத்தான்கள்' என்ற சிறு புத்தகம்தான் கியூபிசத்துக்கு மெய்யாகவே பக்கத்தில் நிற்பது. பொருட்கள், உணவு, அறைகள் என்று மூன்று பகுதி. முதல் உருப்படியே கண்ணாடிக் குடுவை. பிறகு குடை, தொப்பி, ஆட்டுக்கறி, பால், முட்டை, ஆப்பிள். கியூபிஸ்டுகளும் பெரிய சரித்திரக் காட்சிகளை விட்டுவிட்டுப் பாட்டில், கோப்பை, கிதார் என்று மேசைச் சாமானில்தான் வேலை செய்தார்கள். ஸ்டைன் அந்தச் சாமானைப் பெயர் சொல்லித் தலைப்பில் வைப்பார். அதன்பின் அதை வருணிக்கவே மாட்டார்.

எப்படி என்று புரிய நம்ம ஊர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரிய காய். கட்டுரை நோட்டில் எழுதினால் நிறம், வடிவம், காம்பில் முள், குழம்புக்கு உகந்தது என்று வரும். ஸ்டைன் வழியில் போகிறவர் இவை எதையும் சொல்ல மாட்டார். சந்தையில் கை சட்டென்று பின்வாங்கியது ஒரு துண்டு. அரிவாள்மணையில் காய் பிளக்கும் சத்தம் ஒரு துண்டு. விலை கேட்ட குரல் ஒரு துண்டு. தண்ணீரில் போட்டும் கறுத்துப்போவதைப் பார்க்கும் எரிச்சல் இன்னொன்று. எது முன்னால் எது பின்னால் என்று சொல்லாமல், ஒரு சொல்லின் ஓசை அடுத்த சொல்லை இழுக்க விட்டு, இவற்றை ஒரே பத்தியில் நெருக்கிவைப்பார். படிக்கிறவருக்குக் கத்திரிக்காய் கண்ணில் தெரியாது. விரலில் தெரியும்.

இங்கேதான் இந்த முயற்சியின் எல்லையும் இருக்கிறது. நீல நிறத்துக்கு அர்த்தம் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அது நீலமாக இருந்தால் போதும். சொல் அப்படி இல்லை. 'பால்' என்று எழுதிய மாத்திரத்தில் மாடு, குழந்தை, டீக்கடை எல்லாம் வாசலில் வந்து நின்றுவிடும். அவற்றைத் துரத்த ஸ்டைன் படாத பாடு படுகிறார். சில இடங்களில் ஜெயிக்கிறார், சில இடங்களில் பக்கம் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. அதை மேதமை என்று தலையில் வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

அண்ணன் லியோவுக்குக் கியூபிசமும் பிடிக்கவில்லை, தங்கையின் எழுத்தும் பிடிக்கவில்லை. 1913–14இல் வீடு பிரிந்தது. பாகப்பிரிவினையில் பிக்காசோக்கள் பெரும்பாலும் தங்கைக்கு, ரெனுவார் என்ற ஓவியரின் படங்கள் அண்ணனுக்கு. செசான் வரைந்த சின்ன ஆப்பிள் படம் ஒன்று அண்ணனோடு போய்விட்டதில் ஸ்டைனுக்கு ஆறவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமசுக்குப் பிக்காசோ ஒற்றை ஆப்பிளைத் தானே வரைந்து கொடுத்தார்.

எல்லா ஓவியர்களும் பிக்காசோ மாதிரி நட்பாக இருக்கவில்லை. 1933இல் தன் துணைவி அலீஸ் டோக்ளஸின் சுயசரிதை என்ற பெயரில் ஸ்டைன் தன் கதையையே எழுதி வெளியிட்டார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அதில் மத்தீஸின் மனைவியின் வாயைக் குதிரை வாய்க்கு ஒப்பிட்டிருந்தார். 1935இல் மத்தீஸ், பிராக் உட்படச் சிலர் சேர்ந்து மறுப்புப் பிரசுரமே போட்டார்கள். இந்த அம்மாவுக்குக் கியூபிசம் விளங்கவே இல்லை, ஆட்களை மட்டும்தான் பார்த்தார் என்பது பிராக்கின் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. ஓவியத்தின் உள்கணக்கை அவர் ஓவியரைப்போல விளக்கியதில்லை. ஆனால் அவர் கடன் வாங்கியது விளக்கத்தை இல்லையே, துணிச்சலைத்தான். நெருங்கிய நண்பரான கியூபிச ஓவியர் ஹுவான் கிரிஸ் 1926இல் ஸ்டைனின் நூலுக்கு லித்தோ (கல்லச்சு) படங்கள் போட்டுத்தந்தார், அடுத்த வருடமே இறந்தும்போனார். ஸ்டைன் எழுதிய அஞ்சலி எளிமையான துக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பக்கம் இவ்வளவு வெளிச்சமானது இல்லை. யூதராக இருந்தும் பிரான்ஸிலேயே தங்கினார். ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்ஸின் விஷி அரசில் செல்வாக்குள்ள நண்பர் காப்பாற்றினார். அந்த அரசின் தலைவர் பெத்தேனின் உரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் தொடங்கினார். அது வெளிவரவில்லை. 1946இல் இறந்தார்.

தமிழில் இதற்கு நேர் இணை தேட வேண்டாம். ஆனால் சிறுபத்திரிகை நாட்களில் எழுத்தாளரும் ஓவியரும் ஒரே அறையில் உட்கார்ந்தது இங்கேயும் நடந்தது. ஓவியர் ஆதிமூலம் போன்றவர்களின் கோடு இல்லாமல் அந்தக் காலத்து அட்டைகளை நினைக்க முடியாது. சிறுகதைக்காரரான ந. முத்துசாமி புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்து, 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பக்கத்துக் கலையிலிருந்து கதையை எடுக்காமல் கட்டுமானத்தை எடுப்பது என்றால் என்ன என்று இவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஸ்டைனைப் படிக்க ஆசை வந்தால் நாவலில் கைவைக்காதீர்கள், ஐம்பதாம் பக்கத்தில் கோபம் வரும். 1923இல் பிக்காசோவைப் பற்றி இரண்டாவதாக ஒரு சொற்சித்திரம் எழுதினார். நெப்போலியன் பெயர் நடுநடுவே வரும். அதை அவர் குரலிலேயே பதிவு செய்திருக்கிறார், இணையத்தில் கிடைக்கிறது. சில நிமிடங்கள்தான். வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் முதலில் காதால் கேளுங்கள். பிறகு 1912இன் இரண்டு சித்திரங்கள், அதன்பின் 'மென்பொத்தான்கள்' நூலின் 'உணவு' பகுதியில் நாளுக்கு ஒன்றாக, சத்தம் போட்டு. வீட்டில் யாராவது என்ன என்று கேட்டால் ஆட்டுக்கறி பற்றிப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.